சம்பந்தி சொன்ன ‘கொஞ்சம் குளிர்’

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான், அம்மா, தங்கை மூன்று பேரும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, நடுநடுவே சண்டை போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். நீயும் மருமகளும் அதே மாதிரி, சண்டை மட்டும் கொஞ்சம் குறைவாக, சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அம்மாவின் முழங்கால் வலி இப்போது படி இறங்கும்போது மட்டும்தான் வருகிறதாம், ஏறும்போது வருவதில்லையாம், அதனால் ஏறிக்கொண்டே இருக்கச் சொல்லியிருக்கிறேன். தங்கை கார் ஓட்டும் பரீட்சையில் இரண்டாம் தடவையும் தோற்றுவிட்டாள், பரீட்சை வைத்தவர் மேல்தான் தப்பு என்கிறாள். பேக்கரியில் மாவு பிசைய முதலாளி புது மெஷின் வாங்கிப் போட்டிருக்கிறார், அது போடுகிற சத்தத்தில் நாங்கள் எல்லோரும் வீட்டுக்கு வந்தும் கத்திக்கொண்டே பேசுகிறோம். இதெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். இந்தக் கடிதம் வேறு விஷயத்துக்கு. அன்றைக்கு நீ மாமனார் வீட்டிலிருந்தே கூப்பிட்டு, “அப்பா, நாங்க ரெண்டு மணி நேரத் தூரத்துல இருக்கோம், எங்களுக்கே தெரியல, அங்க இருந்துகிட்டு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டாயே, அதற்கு நான், அது பெரிய கதை, எழுதி அனுப்புகிறேன் என்று சொன்னேன் அல்லவா, அந்தக் கதைதான் இது. அதற்குப் பிறகு நீ இரண்டு தடவை கேட்டுவிட்டாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் அம்மா குறுக்கே புகுந்து முடிவை முதலில் சொல்லிவிடுவாள், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். உன் கல்யாணத்துக்குப் பிறகு நீதான் சம்பந்திக்கு என் நம்பரைக் கொடுத்தாய், மனைவி போனபிறகு தனியாக இருக்கிறார், யாராவது பேசினால் நல்லது என்று. நல்ல எண்ணம்தான். ஆனால் அவருக்கு நம் பேச்சு ஒரு வார்த்தை தெரியாது, எனக்கு இங்கிலீஷ் பேக்கரி மெஷின்களின் மேல் எழுதியிருக்கிற அளவுக்குத்தான் தெரியும். முதல் சனிக்கிழமை அவர் கூப்பிட்டார். ஹலோ என்றார், ஹலோ என்றேன். ஹவ் ஆர் யூ என்றார், ஃபைன் என்றேன். நான் ஹவ் ஆர் யூ என்றேன், அவர் ஃபைன் என்றார். அதோடு சரக்கு தீர்ந்துவிட்டது. இரண்டு பேரும் மூச்சு விடுகிற சத்தத்தை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். அப்புறம் அவர்தான், கோல்ட் டுடே என்றார். எனக்குப் புரிந்த வார்த்தை ஒன்று கிடைத்த சந்தோஷத்தில் நான், ஹியர் ஹாட், வெரி ஹாட் என்று கத்தினேன். அவர் சிரித்தார். அப்படி ஆரம்பித்ததுதான். அடுத்த சனிக்கிழமையும் கூப்பிட்டார், அதற்கடுத்ததும் கூப்பிட்டார், அங்கே அவருக்குக் காலை காப்பி நேரம், இங்கே எனக்கு மாலை. அம்மா சொன்னாள், “உங்க ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கிறது வானம் ஒண்ணுதான், அதையாவது ஒழுங்கா பேசுங்களேன்.”

ஒழுங்காகப் பேச முடியாமல் போனதற்கும் ஒரு கதை உண்டு. ஒருநாள் அவர், இன்றைக்கு நாற்பத்திரண்டு என்றார். நாற்பத்திரண்டு என்றால் இங்கே நாய்கூட வெளியே போகாது. நான் பதறிப்போய், வெரி டேஞ்சர், டிரிங்க் வாட்டர், நோ கோ சன் என்று அடுக்கிவிட்டேன். அவர் மரியாதையாக, தேங்க் யூ என்றார். பிறகு மருமகளிடம் சொல்லி, அவள் உன்னிடம் சொல்லி, நீ என்னிடம் விழுந்து விழுந்து சிரித்தது ஞாபகம் இருக்கிறதா? அவர்கள் சொல்வது வேறு கணக்கு, ஃபாரன்ஹீட், அந்த நாற்பத்திரண்டு நம் கணக்கில் ஆறுதான் என்று. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நம் பேக்கரியின் பழைய ரொட்டி அடுப்பில் முள் நானூறைத் தொட்டால்தான் ட்ரேயை உள்ளே தள்ளுவேன், அதுவும் அதே கணக்குதான், இத்தனை வருஷமாக அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஆனால் மனிதர்கள் உலவுகிற காற்றையும் அதே கணக்கில் அளப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? இன்னொரு நாள் அவர், ஐ ஹேவ் எ கோல்ட் என்றார். குளிர்கிறது என்கிறார் என்று நினைத்து, நான் ஸ்வெட்டர் போடச் சொன்னேன். மனிதர் பாவம், ஜலதோஷம் என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கே முடிவு செய்தேன், இது சரிப்படாது, படித்துவிட வேண்டியதுதான் என்று.

நம் தெரு முனையில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மாடியில் ஓர் இங்கிலீஷ் வகுப்பு நடக்கிறது, உனக்குத் தெரிந்திருக்காது, நீ போனபிறகு வந்தது. டீச்சருக்கு உன் வயதுதான் இருக்கும். போன முதல் நாளே ஒவ்வொருவரிடமும் எதற்குப் படிக்க வந்தீர்கள் என்று கேட்டாள். வேலைக்கு என்றார்கள், வெளிநாடு போக என்றார்கள், டாக்ஸி ஓட்டுகிற ஒருத்தர், “ஏர்போர்ட் சவாரில வர்றவங்க ஏதேதோ சொல்றாங்க, திட்டுறாங்களா புகழுறாங்களான்னு தெரிஞ்சுக்கணும் டீச்சர்” என்றார். என் முறை வந்தபோது, “எனக்கு மழை வெயில் மட்டும் போதும்மா, சம்பந்திகிட்ட பேசணும்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. “அது சின்ன விஷயம் இல்ல சார், அவங்க பாதி நேரம் அதைத்தான் பேசுறாங்க” என்று சொல்லி, அந்த வாரமே அதை எடுத்துக்கொண்டாள்.

மகனே, இந்த வயதில் ஒரு பாஷையைத் திறந்து உள்ளே பார்ப்பது, வேறொருவர் வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது. நமக்குத் தெரிந்த பாத்திரம்தான், ஆனால் எல்லாம் வேறு இடத்தில் இருக்கிறது. நாம் எனக்குக் குளிருது என்கிறோம், குளிர் எங்கிருந்தோ நம்மிடம் வருகிறது. அவர்கள் ஐ ஆம் கோல்ட் என்கிறார்கள், குளிரே தான்தான் என்கிற மாதிரி. நாம் மழை பெய்யுது என்கிறோம், பெய்வது மழை, அதில் சந்தேகம் இல்லை. அவர்கள் இட் இஸ் ரெய்னிங் என்கிறார்கள். அந்த ‘இட்’ யார்? இட் இஸ் ஹாட், இட் இஸ் விண்டி, எல்லாவற்றிலும் அந்த ஆள் முதலில் வந்து நிற்கிறான். நான் கையைத் தூக்கிக் கேட்டேன், “டீச்சர், மழை பெய்யிறது யாரு? வானமா, மேகமா, கடவுளா?” என்று. டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “யாரும் இல்ல சார். இங்கிலீஷ்ல முன் சீட் காலியா இருந்தா வண்டி கிளம்பாது. அதனால சும்மா ஒருத்தரை உட்கார வச்சிருக்காங்க” என்றாள். டாக்ஸிக்காரர் உடனே, “டம்மி டிரைவர்!” என்றார். அன்றிலிருந்து நான் எந்த வாக்கியத்தை ஆரம்பித்தாலும் முதலில் டம்மி டிரைவரை ஏற்றிவிட்டுத்தான் மற்றவர்களை ஏற்றுகிறேன். அம்மாவிடம் இதைச் சொன்னேன், அவள், நம்ம வீட்டிலும் அப்படி ஒருத்தர் முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிறார், வண்டியை ஓட்டுவது வேறு ஆள் என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் டீச்சர் இன்னொன்று சொல்லிக்கொடுத்தாள். புத்தகத்தில் இருக்கிற மாதிரி, இன்றைய வெப்பநிலை என்ன என்று யாரையும் கேட்காதீர்கள், தெர்மாமீட்டர் விற்க வந்தவர் என்று நினைப்பார்கள் என்றாள். நைஸ் டே, இஸின்ட் இட் என்று சொன்னால் போதுமாம். அது கேள்வி மாதிரி முடிகிறது, ஆனால் கேள்வி இல்லை, வாலைப் பிடித்துக்கொண்டு கூட வா என்கிற அழைப்பு. எனக்கு உடனே பிடித்துவிட்டது, ஏனென்றால் அது நம்மிடமும் இருக்கிறது. பஸ் நிறுத்தத்தில் தெரியாதவர் பக்கத்தில் நின்று, “செம வெயில்ல?” என்கிறார், நாம் “ஆமா, பொளக்குது” என்கிறோம். ‘இல்லையா’ என்கிற அந்த ‘ல்ல’தான் அவர்களுடைய ‘இஸின்ட் இட்’. நாம் அதற்கு, இல்லையே, வெயில் சுமார்தானே என்று வாதம் செய்வதில்லை அல்லவா? அங்கேயும் அப்படித்தானாம். முதலில் ஆமாம் சொல்லிவிட வேண்டும், பிறகு நம் பங்குக்கு ஒன்றைச் சேர்க்க வேண்டும். யெஸ், லவ்லி என்று சேர்க்கலாம், யெஸ், பட் எ பிட் விண்டி என்று சேர்க்கலாம். எதிர்த்துப் பேசினால் வானிலை அறிக்கை, சேர்ந்து பேசினால் சிநேகம் என்றாள் டீச்சர். நான் அடுத்த சனிக்கிழமையே அதைப் போட்டேன். சம்பந்தி ஏதோ சொன்னார், யெஸ், இஸின்ட் இட் என்றேன். அவர் குரலே மாறிவிட்டது. ஏதோ பூட்டு திறந்த மாதிரி, பத்து வாக்கியம் தொடர்ந்து பேசினார். எனக்கு இரண்டுதான் புரிந்தது, மற்றதற்கும் யெஸ் இஸின்ட் இட் என்றே சொல்லி வைத்தேன்.

பிறகு போர்டில் ஓர் ஏணி வரைந்தாள். குளிருக்கு ஓர் ஏணி, சூட்டுக்கு ஓர் ஏணி. கூல், சில்லி, கோல்ட், ஃப்ரீஸிங் என்று ஒரு பக்கம், வார்ம், ஹாட், பாய்லிங் என்று இன்னொரு பக்கம். வார்ம் என்பது நல்ல வார்த்தை, அதைச் சொல்லும்போது முகம் மலர்ந்திருக்க வேண்டும், ஹாட் என்றால் கொஞ்சம் சலிப்பு வேண்டும் என்றாள். நம்மிடம் இல்லாததா? சிலுசிலுன்னு இருக்கு, ஜில்லுன்னு இருக்கு, குளிருது, வெடவெடன்னு நடுங்குது, இது நம் ஏணி. ஆனால் அவர்கள் ஏணியை உபயோகிக்கிற விதம்தான் வேறு. டீச்சர் சொன்னாள், “வயசானவங்க சில பேர் நாலாவது படியில நின்னுகிட்டு ரெண்டாவது படியில நிக்கிற மாதிரி பேசுவாங்க. எ பிட் சில்லின்னா, கொஞ்சம் குளிர்னு அர்த்தம் இல்ல. பல்லு தந்தியடிக்குது, ஆனா உங்களைத் தொந்தரவு பண்ண விரும்பலன்னு அர்த்தம்.” டாக்ஸிக்காரர், “நம்மாளுங்க தலைகீழ் டீச்சர், லேசா வேர்த்தாலே செத்தேன்னு சொல்லுவோம்” என்றார். எல்லோரும் சிரித்தோம். நான் மட்டும் சிரித்துக்கொண்டே சம்பந்தியை நினைத்துக்கொண்டேன். இத்தனை வாரமும் அந்த மனிதர் எதைச் சொன்னாலும் எ பிட், எ பிட் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். காலம் பூராவும் பனியிலும் மழையிலும் தபால் வண்டி ஓட்டியவர். அவருடைய ‘கொஞ்சம்’ எவ்வளவு பெரியது என்று எனக்கு அதுவரை தெரியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சனிக்கிழமை வழக்கம்போல் கூப்பிட்டார். நானும் தயாராக இருந்தேன். அவர், எ பிட் சில்லி இன் ஹியர் திஸ் மார்னிங், ஃபிஃப்டி ஆர் ஸோ என்றார். நான் சட்டென்று மனக்கணக்குப் போட்டேன். டீச்சர் சொல்லிக்கொடுத்த சுலபக் கணக்கு, முப்பதைக் கழித்துவிட்டுப் பாதியாக்கு. ஐம்பதில் முப்பது போனால் இருபது, பாதி பத்து. பத்து டிகிரி, பரவாயில்லை, அங்கே குளிர்காலத்துக்கு இது நல்ல நாள் ஆயிற்றே என்று நினைத்து, முகத்தை மலர்த்திக்கொண்டு, யெஸ், நைஸ், இஸின்ட் இட் என்றேன். அவர் இழுத்தபடி, வெல், யெஸ் என்றார். சீக்கிரமே வைத்துவிட்டார். ஏதோ உறுத்தியது, ஆனால் என்னவென்று பிடிபடவில்லை. அம்மாகூடக் கேட்டாள், என்ன இன்றைக்கு அதற்குள் முடிந்துவிட்டது என்று.

இரண்டு நாள் கழித்து வகுப்பில் டீச்சர் வேறொன்று நடத்தினாள். வானிலை பேசும்போது அவர்கள் கூடவே ‘அவுட்’ போட்டுக்கொள்வார்களாம். இட்ஸ் கோல்ட் அவுட் என்றால் வெளியே குளிர். கோல்ட் அவுட் தேர் என்றாலும் வெளியே. ‘இன் ஹியர்’ என்று சொன்னால் அது வானிலை இல்லை, நாம் உட்கார்ந்திருக்கிற அறை. அதைச் சொன்னால் யாராவது எழுந்துபோய் ஜன்னலைச் சாத்த வேண்டும் என்று அர்த்தம் என்றாள். டாக்ஸிக்காரர் உடனே, ஒரு சவாரி முழுக்கப் பின்னாலிருந்து ஒருத்தர் ஹாட் இன் ஹியர் என்று சொல்லிக்கொண்டே வந்தார், நானும் ஆமாம் சார் எங்கள் ஊர் இப்படித்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தேன், ஏ.சி.யைப் போடச் சொல்லியிருக்கிறார் பாவி என்று தலையில் அடித்துக்கொண்டார். வகுப்பே சிரித்தது. நான் மட்டும் சனிக்கிழமைப் பேச்சை மனசில் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். இன் ஹியர் என்றாரே. ஃபிஃப்டி என்றாரே. அப்படியானால் பத்து டிகிரி வெளியே இல்லை, வீட்டுக்குள்ளே. பத்து டிகிரியில் மாவைப் பிசைந்து வைத்தால் பொழுது முழுக்க உப்பாமல் கல் மாதிரி கிடக்கும், அதற்காகத்தானே நாங்கள் குளிர்காலத்தில் மாவு ட்ரேயை அடுப்புப் பக்கம் நகர்த்தி வைக்கிறோம். மாவே உறங்கிப்போகிற குளிரில் அந்த மனிதர் உட்கார்ந்துகொண்டு, கொஞ்சம் குளிர் என்கிறார். நான் நைஸ் என்கிறேன்!

டீச்சரிடம் எழுந்து நின்று சொன்னேன். சரியாகத்தான் கேட்டீர்களா சார், இன் ஹியர் என்றுதான் சொன்னாரா என்றாள். எனக்கு அப்போது சந்தேகம் வந்துவிட்டது, என் காதை நான் எவ்வளவு நம்புவது? “கேட்டுடலாம் சார், இப்ப அங்க காலைதானே” என்றாள். வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு மாடிப்படியில் நின்று கூப்பிட்டேன், டீச்சர் ஒரு பக்கம், டாக்ஸிக்காரர் ஒரு பக்கம், ஸ்பீக்கரைப் போட்டுவிட்டேன். சனிக்கிழமை இல்லாத நாளில் என் குரலைக் கேட்டதும் சம்பந்தி பயந்துவிட்டார், யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நோ, நோ என்றேன். அதற்கு மேல் என்னிடம் இருந்தது வானிலை மட்டும்தான், அதை வைத்துத்தான் கேட்டேன். இஸ் இட் கோல்ட் இன் தேர் என்றேன். ஓ, எ பிட் என்றார். இஸ் இட் வார்ம் இன் தி அதர் ரூம் என்றேன். அவர் மெதுவாக, நாட் ரியலி என்றார். டீச்சர் என் காதில், இல்லையாம் சார் என்றாள். ஹீட்டர் என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். அப்புறம் நிறையப் பேசினார், டீச்சர்தான் கேட்டுக் கேட்டு எனக்குச் சொன்னாள். போன வாரத்திலிருந்தே ஹீட்டர் ஓடவில்லை, சரிசெய்கிறவர்கள் எல்லோரும் இப்போது வேலையாக இருக்கிறார்கள், வருகிறோம் என்கிறார்கள், வரவில்லை, ஒன்றும் பிரச்சினை இல்லை, கோட்டு இருக்கிறது, சமையலறையில் உட்கார்ந்துகொள்கிறேன், பெண்ணிடம் மட்டும் சொல்லாதீர்கள் என்றார். ஏன் என்று நான் கேட்டதற்கு, தே வில் சே, செல் தி ஹவுஸ் என்றார். இதற்கு எனக்கு டீச்சர் தேவைப்படவில்லை. செல், ஹவுஸ் இரண்டும் எனக்குத் தெரியும்.

அங்கேதான் மகனே நான் திண்டாடிப்போனேன். ஒரு மனிதர் நம்பி, சொல்லாதே என்கிறார். என் வயதுக்காரர். அவர் பயம் எனக்குத் தெரியாத பயம் இல்லை. டாக்ஸிக்காரர் கையை ஆட்டி ஆட்டி, பையனிடம் சொல்லிவிடுங்கள், சொல்லிவிடுங்கள் என்றார். அன்றைய பாடத்தில் முன்னறிவிப்பு சொல்கிற வாக்கியம் ஒன்று வந்திருந்தது, அதைத்தான் எடுத்துச் சொன்னேன். டுநைட், இட்ஸ் கோயிங் டு கெட் வொர்ஸ், ராத்திரி இன்னும் மோசமாகும் என்று. சம்பந்தி சிரித்தார், நீங்கள் ரேடியோ மாதிரி பேசுகிறீர்கள் என்றார், சிரித்துக்கொண்டே இருமினார், அந்த இருமல் நிற்க நேரம் ஆயிற்று. அது நின்றதும் நான், யூ டெல். ஆர் ஐ டெல் என்றேன். அந்த வாக்கியத்தில் இலக்கணம் இல்லை, டம்மி டிரைவர்கூட இல்லை என்று பிறகு டாக்ஸிக்காரர் சொன்னார். ஆனால் அவருக்குப் புரிந்தது. அவர் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்களே சொல்லிடுங்கன்றாரு சார். அவருக்குச் சொல்ல வராதாம்” என்றாள்.

அதற்குப் பிறகுதான் உன்னைக் கூப்பிட்டேன். நீ, “நேத்துதான்ப்பா வீடியோவுல பேசினோம், நல்லா இருக்காரு” என்றாய். நல்லா இருக்கேன்னு அவர்தானே சொன்னாரு, நீ போய்ப் பாரு என்றேன். நல்லவேளை, மறுபேச்சு பேசாமல் போனாய். வீடியோவில் கோட்டும் தொப்பியுமாக இருந்தாரே என்று மருமகள் கேட்டதற்கு, இப்போதுதான் நடந்துவிட்டு வந்தேன் என்றாராமே. சமையலறையில் கேஸ் ஓவன் கதவைத் திறந்துவைத்து அதற்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் என்று வேறு நீ சொன்னாய். அடுப்புக்கு முன்னால் பாதி ஆயுளைக் கழித்தவன் சொல்கிறேன், நாலு பக்கமும் அடைத்த வீட்டில் கேஸ் அடுப்பைத் திறந்துவைத்துக் காய்வது விளையாட்டில்லை. அந்த விஷக்காற்றில் ஆள் தூங்கினபடியே போய்விடுவார். இதை அவரிடம் நீ பக்குவமாக எடுத்துச் சொல்லியிருப்பாய், இருந்தாலும் இன்னொரு தடவை சொல். நெஞ்சில் சளி கட்டியிருந்ததை டாக்டர் ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டார் என்றும், ஹீட்டரில் ஒரு சின்னச் சாமான்தான் போயிருந்தது, மாற்றியாயிற்று என்றும் நீ சொன்னபிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

மருமகள் அழுதுகொண்டே இருக்கிறாள் என்றாயே, அவளிடம் சொல், இதில் அவள் தப்பு ஒன்றும் இல்லை. அவளுக்கு அந்த பாஷை தாய்ப்பால் மாதிரி, அப்பா எ பிட் சில்லி என்றால் அது காதில் விழுந்து அப்படியே போய்விடும், பிறந்ததிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நானோ ஒவ்வொரு வார்த்தையையும் கல் பொறுக்குகிற மாதிரி பொறுக்குகிறேன், அதனால் ஒரு கல் கையில் தட்டுப்பட்டது, அதுவும் இரண்டு நாள் கழித்து, அதுவும் வகுப்பில் ஒருத்தர் ஏ.சி. கதை சொன்னதால். என் கெட்டிக்காரத்தனம் என்று யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்காதே. இன்னொன்று, இதை அப்பா சொன்னதாகவே எடுத்துக்கொள், அந்த வீட்டை விற்கச் சொல்லி அவரை இப்போது நெருக்காதீர்கள். குளிரைவிட அவர் பயந்தது அந்த வார்த்தைக்குத்தான், அதனால்தான் நடுங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தார். இனிமேல் அவர் உண்மையைச் சொல்ல வேண்டுமானால், சொன்னால் வீடு போய்விடும் என்ற பயம் அவருக்கு இருக்கக்கூடாது. ஹீட்டரை வருஷத்துக்கு ஒரு தடவை நீயே பார்த்துக்கொள்வதாகச் சொல். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு சாவி கொடுத்து வை. மாசத்தில் இரண்டு தடவை போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வாருங்கள், விருந்தாளி மாதிரி இல்லாமல் வீட்டுப் பிள்ளை மாதிரி. நீ எங்களிடமும் இதே மாதிரி, வந்துடுங்க, வந்துடுங்க என்கிறாய். உன் பாசம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் காலையில் அந்த ட்ரேயை வெளியே இழுக்கும்போது முகத்தில் அடிக்கிற சூடு இந்த ஊரில்தான் இருக்கிறது, எனக்கு வேலையும் இங்கேதான்.

இனி, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். போன சனிக்கிழமை சம்பந்தி கூப்பிட்டபோது இங்கே நல்ல மழை. பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, அது மழைச் சத்தமா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி, போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றேன். என் கை நனைந்தது, அம்மா போன் கெட்டுப்போய்விடும் என்று கத்தினாள். மறுபடி காதில் வைத்தபோது அவர், மை வைஃப் வுட் ஹேவ் லைக்ட் திஸ் என்றார். என் மனைவி இருந்திருந்தால் அவளுக்கு இது ரொம்பப் பிடித்திருக்கும் என்று. இத்தனை மாதத்தில் அவர் அந்த அம்மாவைப் பற்றி என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. வார்த்தை ஒன்றுவிடாமல் எனக்குப் புரிந்தது, டீச்சர் இல்லாமல், அகராதி இல்லாமல். ஆனால் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. இஸின்ட் இட் என்று சொல்ல முடியுமா? லவ்லி என்று சொல்ல முடியுமா? ஏணியில் மேலிருந்து கீழ் வரை தேடிவிட்டேன், அதற்கு ஒரு படியும் இல்லை. போனோடு ஜன்னல் பக்கத்திலேயே நின்றேன். இரண்டு பேருமாக மழையைக் கேட்டுக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து, தேங்க் யூ என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அதனால் எனக்கு ஒரு வாக்கியம் வேண்டும். ‘அவங்களைப் பத்திச் சொல்லுங்க, நான் கேட்டுக்கிட்டிருக்கேன்’ என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? டீச்சரைக் கேட்டால் நிமிஷத்தில் சொல்லிவிடுவாள், சரியாகவும் இருக்கும். ஆனால் அவருடைய பெண் வாயிலிருந்து வந்ததாக இருந்தால் அவருக்கு நோகாமல் இருக்கும் என்று தோன்றுகிறது. மருமகளிடம் கேள், அவள் அம்மாவைப் பற்றி அவள் அப்பாவிடம் கேட்பதென்றால் எப்படிக் கேட்பாளோ, அப்படியே எழுதச் சொல். பெரிய வார்த்தை வேண்டாம். நம் எழுத்தில் எழுதி அனுப்பு, எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்று கோடு போட்டுக் காட்டு. போனில் சொன்னால் என் காதில் நிற்காது. உன் பதில் வந்து சேருகிற வரைக்கும் மழையையும் வெயிலையும் வைத்துச் சமாளித்துக்கொள்கிறேன். மறந்துவிடாதே.

நீயும் மருமகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். சம்பந்தியின் வீடு கதகதப்பாக இருக்க வேண்டும். வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ என்று அம்மா சொல்லச் சொன்னாள், தங்கை தன் பரீட்சை விஷயத்தை எழுதக்கூடாது என்று சொன்னாள், எழுதியாகிவிட்டது.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா